இழை போகும் வழி

2014 செப்டம்பரில் சிகாகோவில் நடந்த எந்திரக் கண்காட்சியில், பார்வையாளர்கள் சுற்றி நின்று பார்க்க ஒரு கார் அச்சிடப்பட்டது. அதன் பெயர் 'ஸ்ட்ராட்டி'. லோக்கல் மோட்டார்ஸ் என்ற சிறு நிறுவனமும், அமெரிக்க அரசின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும், சின்சினாட்டி என்ற எந்திரத் தயாரிப்பாளரும் சேர்ந்து செய்த வேலை அது. காரின் உடலும் அடிச்சட்டமும் சுமார் 44 மணி நேரத்தில் அடுக்கடுக்காக எழுந்து நின்றன. பிறகு மேற்பரப்பைக் கடைந்து சீராக்கி, மோட்டாரும் சக்கரங்களும் பூட்டி, கண்காட்சியின் கடைசி நாளில் அதை ஓட்டிக்கொண்டே வெளியே போனார்கள்.

அச்சில் பிறந்த கார் என்பது உலகெங்கும் செய்தியானது. எனக்கோ, அந்தக் காரின் பிளாஸ்டிக்குக்குள் கலந்திருந்த கரிய துணுக்குகள்தான் அதைவிடப் பெரிய செய்தியாகப் படுகின்றன. அவை கார்பன் இழைத் துணுக்குகள். அவை இல்லாமல் அந்த உடல் நேராக நின்றிருக்காது.

காரணம் ஒரு வெப்பக் கணக்கு. ஸ்ட்ராட்டிக்குப் பயன்பட்டது ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். லீகோ பொம்மைக் கட்டைகளும் பல ஹெல்மெட் ஓடுகளும் இதில்தான் செய்யப்படுகின்றன. உருகிய ஏபிஎஸ் 105 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் இறுகத் தொடங்கும். அங்கிருந்து அறை வெப்பத்துக்கு இறங்குவதற்குள் மீட்டருக்கு ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் சுருங்கிவிடும். உள்ளங்கையளவு பொருளில் இந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது. கார் அளவுக்குப் போனால் அது சென்டிமீட்டர் கணக்கில் வரும். கீழ் அடுக்கு ஏற்கெனவே ஆறி இறுகியிருக்க, அதன்மேல் விழுந்த சூடான அடுக்கு சுருங்கி அதை இழுக்கும். ஓரங்கள் மேலே சுருண்டு எழும். சில இடங்களில் அடுக்குகள் வாய் பிளக்கும். சிறிய பொறிகளில் இதற்கு வைத்தியம், அச்சிடும் இடம் முழுவதையும் சூடான பெட்டிக்குள் அடைத்துவிடுவது. கார் கொள்ளும் அளவுக்கு ஓர் அடுப்பைக் கட்டினால் செலவு கட்டுப்படியாகாது.

ஓக் ரிட்ஜில் லோனி லவ்வும் அவருடைய குழுவினரும் இதற்கு வேறு வழி கண்டார்கள். கார்பன் இழை தன் நீளவாக்கில் சூட்டுக்கு விரிவதே இல்லை என்று சொல்லலாம். உண்மையில் கொஞ்சம் சுருங்கும். பிளாஸ்டிக் ஆறும்போது உள்ளே கிடக்கும் இழைத் துணுக்குகள் அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. வெப்பத்தையும் அவை வேகமாகக் கடத்திப் பரப்புகின்றன. அதனால் அடுப்பு இல்லாமல், திறந்த கூடத்திலேயே, ஆள் உயரப் பொருள்களை அச்சிட முடிந்தது. வலிமைக்காகச் சேர்த்தது என்று எல்லோரும் நினைக்கும் இழை, அங்கே முதலில் செய்த உதவி பொருளைக் கோணாமல் காத்தது.

இழையும் பிசினும் சேர்ந்த இத்தகைய பொருள்களைக் கூட்டுப்பொருள் என்கிறோம். மூங்கில் இயற்கை செய்த கூட்டுப்பொருள்: நெடுக ஓடும் செல்லுலோஸ் நார்கள், அவற்றைப் பிடித்து வைக்கும் லிக்னின். ஒரு மூங்கில் கழியைக் கையால் இழுத்து அறுக்க யாராலும் முடியாது. அதே கழியின் நுனியில் அரிவாளை வைத்து ஒரு தட்டு தட்டினால் அடிவரை பிளந்துகொண்டே போகும். நார் ஓடும் திசையில் இரும்புக்கு நிகர், நாருக்கும் நாருக்கும் இடையில் வெறும் பசை. கூட்டுப்பொருள்களின் பெருமையும் பலவீனமும் இந்த ஒரு காட்சியில் இருக்கின்றன. இன்றைய மிக நவீனமான அச்சுப்பொறி செய்யும் பொருளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

கார்பன் இழையின் வரலாறும் மூங்கிலைத் தொட்டுத்தான் வருகிறது. 1880இல் எடிசன் தன் மின்விளக்குக்குள் வைத்த இழை, ஜப்பானில் கியோட்டோவுக்கு அருகிலுள்ள யவாதா ஊர் மூங்கிலைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கிச் செய்தது. அது விளக்கெரிக்கத்தான் உதவியது, பாரம் தாங்க அல்ல. பாரம் தாங்கும் இழைக்கு 1950களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1958இல் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் மிக வலிமையான கிராஃபைட் இழைகளைக் கண்டார். ஒசாகாவில் அகியோ ஷிந்தோ, செயற்கைக் கம்பளிக்குப் பயன்படும் அக்ரிலிக் இழையைச் சுட்டுக் கார்பன் இழையாக்கும் வழியைக் காட்டினார். இன்று உலகில் விற்கும் கார்பன் இழையில் பெரும்பகுதி இந்த அக்ரிலிக் வழியில் வருவதுதான்.

இந்த இழையின் தடிமன் ஐந்திலிருந்து ஏழு மைக்ரோமீட்டர்; தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட இழைகளை ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புக்குச் சேர்த்துக் கட்டினால், வகையைப் பொறுத்து 350 முதல் 500 கிலோவரை தொங்கவிடலாம். அதே குறுக்களவுள்ள சாதாரண எஃகுக் கம்பி 40, 50 கிலோவில் அறும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் நான்கு கிலோவில் அறும். எடையிலோ கார்பன் இழை எஃகில் கால்பங்குகூட இல்லை. ஆனால் தனி இழை வெறும் நூல். இழுக்கலாம், தள்ள முடியாது. அதனால்தான் எபாக்சி போன்ற பிசினில் அதைப் பதிக்கிறார்கள். எல்லா இழைகளும் ஒரே திசையில் கிடக்கும் கார்பன்–எபாக்சித் தகடு நெடுக்கில் 2000 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். குறுக்கில் இழுத்தால் 50 மெகாபாஸ்கலுக்குப் பக்கத்தில் பிளந்துவிடும். ஒரே தகட்டில் நாற்பது மடங்கு வித்தியாசம்.

இந்த வித்தியாசம் ஒரு பெரிய நிறுவனத்தின் வீழ்ச்சியிலும் பங்கெடுத்திருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஆர்பி211 என்ற விமான எஞ்சினின் முன்விசிறி இலைகளை 'ஹைஃபில்' என்ற கார்பன் கூட்டுப்பொருளில் செய்தது. எடை வெகுவாகக் குறையும் என்ற நம்பிக்கை. 1970 மே மாதம் பறவை மோதும் சோதனை நடந்தது. வேகமாக எறியப்பட்ட கோழி ஒன்று பட்டு இலைகள் சிதறின. இழுவிசையைத் தாங்க அடுக்கிய இழைகளுக்கு, அடுக்குகளுக்குக் குறுக்கே வந்த அடியைத் தாங்க வழியில்லை. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மற்ற செலவுகளும் சேர்ந்து அழுத்த, 1971 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது. விமானத்தின் முன்விசிறியில் கார்பன் இலைகள் நிலைபெற 1995 ஆனது. அந்த ஆண்டு சேவைக்கு வந்த ஜிஇ90 எஞ்சினில், இலையின் முன்விளிம்பில் டைட்டானிய உறை போட்டுக் காப்பாற்றினார்கள்.

ஸ்ட்ராட்டியின் துணுக்குகளுக்கு வருவோம். துணுக்கு இழை கலந்த பிளாஸ்டிக் எவ்வளவு வலிமையாகும்? இதற்கு அழகான ஒரு கணக்கு உண்டு. இழையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தன் பிடிப்பின் மூலமாகத்தான் பாரத்தை இழைக்குள் ஏற்ற முடியும். இழை மிகக் குட்டையாக இருந்தால், அதன் முழு வலிமைக்கு வேலை வருமுன்பே பிளாஸ்டிக்கிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். முழு வலிமையும் பயன்பட இழைக்குக் குறைந்தபட்ச நீளம் ஒன்று வேண்டும். ஏழு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கார்பன் இழைக்கு, சாதாரணப் பிளாஸ்டிக்கில், அந்த நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஆனால் பொறியின் திருகு பிளாஸ்டிக்கை அரைத்துத் தள்ளும்போது இழைகளையும் ஒடித்துவிடுகிறது. உருகிய பிளாஸ்டிக்கை வெளியே இடும் நாசில் வழியாக வருபவற்றில் பெரும்பாலானவை அந்த அரை மில்லிமீட்டரை எட்டுவதில்லை.

2014இல் ஓக் ரிட்ஜில் ஹலீல் தெகினால்ப்பும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வின் எண்களை இந்தக் கணக்கோடு வைத்துப் படித்தால் பொருள் விளங்கும். கார்பன் துணுக்குகள் கலந்து அச்சிட்ட ஏபிஎஸ்ஸின் விறைப்பு 700 சதவீதம்வரை கூடியது. இழுவலிமை 115 சதவீதம்வரைதான் கூடியது. அதாவது வளைய மறுக்கும் குணம் எட்டு மடங்கு, அறுபடாமல் தாங்கும் குணம் இரண்டு மடங்கு சொச்சம். குட்டை இழை விறைப்புக்குப் போதும், வலிமைக்குப் போதாது என்பதை எண்களே காட்டுகின்றன. இன்னொன்றையும் அவர்கள் அளந்தார்கள். நாசிலின் குறுகிய வாயில் நெருக்கிப் புகும்போது இழைகள் தாமாகவே ஓட்டத்தின் திசைக்குத் திரும்பிவிடுகின்றன. சூட்டில் அழுத்தி வார்த்த தகட்டில் தாறுமாறாகக் கிடந்த அதே இழைகள், அச்சிட்ட தகட்டில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே திசையில் வரிசையாகக் கிடந்தன.

அச்சு வழியின் அசல் பலம் இதில் இருக்கிறது என்பது என் கருத்து. முப்பரிமாண அச்சு என்றால் எந்த வடிவத்தையும் செய்யலாம் என்று பேசுகிறோம். வடிவத்தை வார்ப்பிலும் கொண்டுவரலாம், கடைசலிலும் கொண்டுவரலாம். நாசில் போகும் பாதையிலேயே இழையும் போகிறது என்பதால், பொருளுக்குள் வலிமை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று வடிவமைப்பாளரே கோடு போட முடிகிறது. பழைய முறைகளில் இது இவ்வளவு தாராளமாகக் கிடைத்ததில்லை.

துணுக்கு இழைப் பொறிகள் தமக்கு ஏற்ற வேலையைக் கண்டுகொண்டன. 2016இல் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் போயிங் 777எக்ஸ் விமானத்துக்காக ஒரு கருவியை அச்சிட்டது. இறக்கைத் தகட்டை வெட்டவும் துளையிடவும் அசையாமல் பிடித்து வைக்கும் கருவி அது. ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், முக்கால் டன் எடை, அச்சிட எடுத்தது சுமார் 30 மணி நேரம். உலோகத்தில் செய்திருந்தால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். ஒரே துண்டாக அச்சிட்ட மிகப் பெரிய பொருள் என்று கின்னஸ் பதிந்தது. 2019இல் மெய்ன் பல்கலைக்கழகம் ஏழரை மீட்டர் படகை மூன்று நாளுக்குள் அச்சிட்டது. 2022இல் மரநாரும் தாவரப் பிசினும் கொண்டு 600 சதுர அடி வீட்டையும் அச்சிட்டுக் காட்டியது. இவை எல்லாம் விறைப்பு வேண்டிய, உச்ச வலிமை வேண்டாத வேலைகள். பொருத்தமான தேர்வு.

உச்ச வலிமை வேண்டுமென்றால் இழை அறுபடாமல் தொடர வேண்டும். 2014 ஜனவரியில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த மார்க்ஃபோர்ஜ்ட் நிறுவனம், கிரெக் மார்க் தலைமையில், மேசைமேல் வைக்கும் அளவில் ஒரு பொறியை அறிமுகப்படுத்தியது. அதில் இரண்டு நாசில்கள். ஒன்று வெறும் நைலானை இடும். மற்றொன்று, நைலான் பூசிய முறியாத கார்பன் இழைக் கற்றையை நாடா போல அழுத்தித் தேய்த்துக்கொண்டே பதிக்கும். ஒரு பாதை முடிந்ததும் உள்ளே இருக்கும் கத்தி இழையை வெட்டும். இரண்டு ஆண்டு கழித்து, 2016இல், தோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ரியோசுகே மட்சுசாகி குழுவினர் வேறொரு முறையை வெளியிட்டார்கள். உலர்ந்த இழையும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கும் தனித்தனியாக வந்து நாசிலுக்குள்ளேயே கலக்கும் முறை. கொள்ளளவில் ஏழு சதவீதத்துக்கும் குறைவான கார்பன் இழையே சேர்ந்திருந்தும் இழுவலிமை வெறும் பிஎல்ஏவைப்போல் நான்கு மடங்கைத் தாண்டியது. அதே பொறியில் அவர்கள் சணல் நூலையும் பதித்துப் பார்த்தார்கள். சணல் விளையும் நாட்டில் இருக்கும் நமக்கு அந்தப் பகுதி தனி ஆர்வம் தருவது.

தொடர் இழையை அச்சிடுவது, பார்க்கத் தெரிவதைவிடக் கடினம். உருகிய பிளாஸ்டிக் எந்த மூலையிலும் வளைந்து கொடுக்கும். இழைக் கற்றை கொடுக்காது. கற்றைக்கு ஓர் அகலம் இருக்கிறது. வளைவில் வெளி ஓரத்து இழைக்கு நீண்ட பாதை, உள் ஓரத்து இழைக்குக் குறுகிய பாதை. இரண்டும் ஒரே நீளம் என்பதால் உள் ஓரத்து இழைகள் மடிந்து நெளிகின்றன, கற்றை முறுக்கிக்கொள்கிறது. கத்தி நாசிலின் வாயில் இல்லாமல் சற்று மேலே இருப்பதால், அந்தத் தூரத்தைவிடக் குட்டையான இழைத் துண்டை இட முடியாது. எனவே சின்னச்சின்ன வடிவங்களுக்குள் இழையே போகாமல் விட்டுப்போகும். அங்கே வெறும் பிளாஸ்டிக் மட்டும் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. எந்த இடத்தில் இழை இருக்கிறது, எங்கே இல்லை என்று கண்ணால் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் காற்று. விமானத் தொழிலில் கார்பன் தகடுகளை ஆட்டோகிளேவ் என்ற பெரும் அழுத்த அடுப்பில் வேகவைக்கிறார்கள். 180 டிகிரிக்குப் பக்கத்தில், காற்றழுத்தத்தைப்போல் ஆறேழு மடங்கு அழுத்தத்தில், மணிக்கணக்கில். அந்த அழுத்தம் அடுக்குகளுக்கு இடையிலுள்ள காற்றை நசுக்கி வெளியேற்றுகிறது. முடிந்த பொருளில் இழை 60 சதவீதம் இருக்கும். காற்றுப்புழைகள் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பாகத்தை ஏற்கமாட்டார்கள். அச்சுப்பொறியின் நாசில் ஓர் இடத்தை அழுத்துவது கண்ணிமைக்கும் நேரம்தான். ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகக் கிடக்கும் வரிகளுக்கு இடையில் முக்கோண இடுக்குகள் மிஞ்சும். கற்றைக்குள்ளேயே பிசின் புகாத இடங்கள் இருக்கும். ஒரு சதவீதம் புழை கூடினால், அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் நிற்கும் வலிமை சுமார் ஏழு சதவீதம் குறையும் என்பது இத்துறையில் நெடுநாளாக அறிந்த விதி. இழை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பொருள் முறிவது இந்த இடுக்குகளில்தான்.

இந்த இடத்தில் அச்சுப்பொறியின் மூத்த உறவினர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். தானியங்கி இழைப் பதிப்பு என்று அதைச் சொல்லலாம். எந்திரக் கை ஒன்று, ஏற்கெனவே பிசின் ஊறிய கார்பன் நாடாக்களைப் பத்துப் பதினைந்தாகச் சேர்த்து, சூடாக்கி, உருளையால் அழுத்தி, வார்ப்பின்மேல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே போகும். போயிங் 787 விமானத்தின் உடற்பகுதி இப்படித்தான் முழு உருளைகளாக உருவாகிறது; அந்த விமானத்தின் எடையில் பாதி கூட்டுப்பொருள். இதை அச்சு என்று அழைக்கத் தயங்குபவர்கள் உண்டு. பொருளைச் செதுக்கிக் குறைக்காமல் அடுக்கிச் சேர்த்துச் செய்வதே அளவுகோல் என்றால், இதுவும் அதே குடும்பம்தான். ராக்கெட் லேப் நிறுவனம் தன் நியூட்ரான் ராக்கெட்டுக்காக மேரிலாண்டில் நிறுவிய இத்தகைய பொறி 12 மீட்டர் உயரம், 90 டன் எடை. நிமிடத்துக்கு 100 மீட்டர் நாடாவைப் பதிக்கக்கூடியது. அதில் என்னைக் கவர்ந்தது வேகத்தைவிட, ஒவ்வொரு அடுக்கையும் அடுத்த அடுக்கு மூடுமுன் தானே ஆராய்ந்து குறை தேடும் ஏற்பாடு.

ஐரோப்பாவில் இன்னொரு படி முன்னே போயிருக்கிறார்கள். எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் விட்டமும் கொண்ட விமான உடற்பகுதி ஒன்றை, சூட்டில் மீண்டும் இளகக்கூடிய பிளாஸ்டிக்கும் கார்பன் இழையும் கொண்டு மாதிரியாகச் செய்தார்கள். அதன் மேல்பாதியை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலுள்ள விண்வெளி மையம் செய்தது. நாடாவை லேசர் உருக்க, உருளை அழுத்த, அங்கேயே அது இறுகிவிடும். ஆட்டோகிளேவ் இல்லை. பின்னர் இரு பாதிகளையும் பற்றவைத்துச் சேர்த்தார்கள். ஆட்டோகிளேவ் தேவைப்படாமல் போனால், அந்த அடுப்பின் அளவுக்குள் பாகத்தை அடக்க வேண்டிய கட்டாயமும் போகும். இதுவரை பேசிய முறைகளிலேயே எதிர்காலம் அதிகம் உள்ளது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இழையின் பாதையை நாமே வரைவதால் என்ன ஆதாயம் என்பதற்கு ஒரு துளை போதும். இழுக்கப்படும் உலோகத் தகட்டில் வட்டத் துளை போட்டால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும். இது 1898இல் கிர்ஷ் கணக்கிட்டது. எல்லா இழைகளும் ஒரே திசையில் ஓடும் கார்பன் தகட்டில் அது ஏழு மடங்கை நெருங்கும். மேலும், துளையிடும்போது அந்த வழியே போன இழைகளையெல்லாம் அறுத்துவிடுகிறோம். அச்சில் துளையைப் போட வேண்டியதில்லை. இழையைத் துளையின் ஓரமாக வளைத்து, ஓடை பாறையைச் சுற்றுவதுபோல் கொண்டுபோய் மறுபக்கம் சேர்க்கலாம். ஓர் இழையும் அறுபடாது. எங்கே பாரம் அதிகமோ அங்கே கூடுதலாக நான்கு வரி இழை. பாரமில்லாத இடத்தில் வெறும் பிளாஸ்டிக் சல்லடை. குறைந்த கார்பன் இழையிலேயே அதே வேலையைச் செய்துவிடுகிற பாகங்களை இப்படி வடிவமைக்கலாம். ஆனால் பாரம் எந்த வழியில் ஓடும் என்று வடிவமைப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எதிர்பாராத திசையிலிருந்து விசை வந்தால் அந்தச் சிக்கனமே எதிரியாகும்.

அடுக்குகளுக்கு இடையே என்ன நடக்கிறது என்பதை அலட்சியப்படுத்தியதன் விலையை 2023 ஜூன் 18 அன்று உலகம் பார்த்தது. டைட்டானிக் சிதைவைக் காண ஐந்து பேரை ஏற்றிச் சென்ற 'டைட்டன்' நீர்மூழ்கி, அட்லாண்டிக்கின் ஆழத்தில் நொறுங்கியது. அதன் உடல் கார்பன் இழை உருளை. ஐந்து அங்குலத் தடிமன். ஓர் அங்குலத் தடிமனுக்கு அடுக்கி, வேகவைத்து, அதன்மேல் அடுத்த அங்குலம் என்று ஐந்து கட்டமாகச் செய்தது. நாசிலால் அச்சிட்டதில்லை என்றாலும், அடுக்கிச் சேர்க்கும் முறையின் எல்லாக் கேள்விகளும் அதற்கும் உரியவை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் பொறியாளர்கள், அந்த உருளையைச் செய்தபோது எடுத்துவைத்த துண்டுகளை ஆராய்ந்தார்கள். இழைகளில் நெளிவுகள், பிசினில் புழைகள், அடுக்குகளின் ஒட்டில் வெற்றிடங்கள் இருந்தன. டைட்டானிக் கிடக்கும் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 390 கிலோ அளவுக்கு நீர் அமுக்கும். அமுக்கத்தில் இழை நேராக நின்றால்தான் தாங்கும். ஓரிரு டிகிரி நெளிந்திருந்தாலே அங்கிருந்து மடியத் தொடங்கும். 2022 ஜூலையில் ஒரு பயணம் முடிந்து மேலே வந்தபோது பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அதன்பின் உடலில் பொருத்தியிருந்த அளவிகளின் எண்களும் மாறின. அதற்குப் பிறகும் அந்த உருளையைக் கடலுக்குள் இறக்கினார்கள் என்பதை என்னால் ஆறுதலாகப் படிக்க முடியவில்லை. பொருள் எச்சரித்தது, கேட்க ஆளில்லை.

விமானத் துறை இவ்வளவு தயங்குவதற்குக் காரணம் இப்போது விளங்கும். அலுமினியத் தகடு ஆலையிலிருந்து வரும்போதே அதன் குணம் முடிவாகிவிட்டது. வெட்டுபவர் அதை மாற்றுவதில்லை. அச்சிடும் கூட்டுப்பொருளோ இடும்போதுதான் பொருளாகிறது. நாசிலின் சூடு பத்து டிகிரி மாறினால், நைலான் சுருள் மழைக்கால ஈரத்தை உறிஞ்சியிருந்தால், வேகம் கூடினால், அடுக்குகளின் ஒட்டு மாறும். எனவே பொருளுக்கு மட்டும் சான்றிதழ் கொடுத்தால் போதாது. பொருள், பொறி, அதன் அமைப்புகள் மூன்றையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மாதிரித் துண்டுகளைச் சூட்டிலும் குளிரிலும் ஈரத்திலும் உடைத்துப் பார்த்துத் தரவுகளைத் திரட்ட வேண்டும். கேபினுக்குள் இருக்கும் பாகங்களுக்கு இது நடந்துவருகிறது. நாசிலால் அச்சிட்ட தொடர் இழைப் பொருளை இறக்கையின் முதுகெலும்பாக வைப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இதைப் பின்னடைவாக நான் பார்க்கவில்லை. ஹைஃபில் இலையின் தோல்விக்கும் ஜிஇ90 இலைக்கும் இடையில் 25 ஆண்டு இருந்தது.

இதற்கிடையில் விண்வெளியிலும் சோதனை நடந்துவிட்டது. 2020 மே மாதம் சீனா ஏவிய ஆளில்லா விண்கலத்துக்குள், தொடர் கார்பன் இழைக் கூட்டுப்பொருளை ஒரு சிறு பொறி தானாகவே அச்சிட்டது; தேனடை வடிவம் ஒன்றும் அதில் அடக்கம். மடக்கி எடுத்துச் செல்ல முடியாத நீண்ட சட்டங்களை விண்ணிலேயே செய்யும் கனவுக்கு அது முதல் படி.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இன்று முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கிறது. கார்பன் துணுக்கு கலந்த சுருள்களும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. அந்தப் பொறியில் வேலை செய்யும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'அலுமினியத்துக்கு நிகரான வலிமை' என்ற விளம்பரத்தைப் படித்தால், எந்தத் திசையில் அளந்தது, இழுத்து அளந்ததா வளைத்து அளந்ததா, இழை துணுக்கா தொடரா என்று கேளுங்கள். டிரோனுக்கோ ரோபோவுக்கோ ஒரு பாகம் அச்சிடுமுன், அதே சுருளில், அதே அமைப்பில், மூன்று சோதனைத் துண்டுகளை அச்சிடுங்கள். படுக்கையாக ஒன்று, பக்கவாட்டில் நிறுத்தி ஒன்று, செங்குத்தாக ஒன்று. மூன்றையும் இழுவைப் பொறியில் உடைத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக அச்சிட்ட துண்டுதான் மற்ற இரண்டுக்கும் முன்னால் அறும். உங்கள் பாகத்தை அந்த எண்ணை வைத்து வடிவமையுங்கள்.